நாலுமணிக்காரருக்கு ஒரு டீ

மாசி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் சரியாக நாலு மணிக்கு, அரியநாச்சி தன் மிளகாய் வத்தலைப் புரட்டிவிட்டு இடுப்பை நிமிர்த்தியபோது, சீனி ராவுத்தர் டீக்கடைப் பாய்லரில் தண்ணீர் ஊற்றியபோது, தமிழய்யா வில்லாயுதம் கோயில் வாசலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பூமயில் ஊர்ப்புற நூலகத்துப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தபோது, செவ்வூரணி ஊருக்கு மேலே ஒரு விமானம் வந்து வட்டமடித்தது; ஆனால் வானத்தில் விமானம் இல்லை. சத்தம் இருந்தது, தரையில் நிழல் இருந்தது, அந்த நிழல் வத்தல் மேல் ஏறி, டீக்கடைக் கூரை மேல் ஏறி, கோயில் கோபுரத்தின் மேல் ஏறி, ஊரை மூன்று தரம் சுற்றிவிட்டுக் கிழக்கே கருவேலங்காட்டுப் பக்கம் போய் மறைந்தது. அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கண் கூசியதுதான் மிச்சம். "யாருடா அது, வத்தலுக்கு மேல நிழலை ஓட்டுறது?" என்று அரியநாச்சி வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டு, மறுபடியும் குனிந்து புரட்ட ஆரம்பித்தாள்.

பூமயிலுக்கு மட்டும் சாவி பாதித் திருகலில் நின்றுபோனது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "ஒன்பது சிலிண்டர்," என்று பூட்டைப் பார்த்துச் சொன்னாள். "ஏழாவதுல கோளாறு."

செவ்வூரணியில் ஒரு பொம்பளைக்கு விமான எஞ்சினின் சிலிண்டர் கணக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அதற்குத் தமிழ்தான் காரணம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், பூமயில் நூலகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோயிலில் கருவறைக்கு மேலே இருக்கும் விமானம் விரிசல் விட்டிருந்தது. தர்மகர்த்தாவாக இருந்த தமிழய்யா வில்லாயுதம் வந்து, விமானத்தைப் பழுதுபார்ப்பது பற்றிப் புத்தகம் வேண்டும் என்று கேட்டார். பூமயில் பயபக்தியாக மேலே எழுதிப் போட்டாள்: "எங்கள் ஊர் விமானம் பழுதடைந்துள்ளது. விமானம் தொடர்பான நூல்கள் அனுப்பி உதவவும்." மேலே யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படித்துப் பதறிப்போய், யாரோ தானமாகக் கொடுத்து எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்த நாற்பத்தொரு இங்கிலீஷ் புத்தகங்களைச் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டார். அத்தனையும் யுத்த விமானங்கள். எஞ்சின் படங்கள், இறக்கை அளவுகள், விமானிகள் எழுதிய நினைவுகள், மெக்கானிக்குக்கான கையேடுகள். தமிழய்யா ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு பூமயிலைப் பார்த்தார். அன்றைக்குப் போனவர் அப்புறம் நூலகத்துப் படி ஏறவே இல்லை.

வந்த சாக்கு கிழிந்துபோனதால் திருப்பி அனுப்ப வேறு சாக்கில்லை என்று நாற்பத்தொன்றும் அங்கேயே தங்கின. யாராவது ஒருத்தராவது படிக்க வேண்டாமா என்ற பரிதாபத்தில் பூமயில் ஒன்றைப் பிரித்தாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக்கு முப்பது வார்த்தை தேடினாள். அடுத்த வருஷம் பக்கத்துக்குப் பத்து. அதற்கடுத்த வருஷம் அகராதியை அலமாரியில் வைத்துவிட்டாள். நாற்பத்தொரு புத்தகத்தையும் எத்தனை சுற்றுப் படித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. எந்த விமானத்துக்கு எத்தனை சிலிண்டர், எது தண்ணீரில் குளிரும், எது காற்றில் குளிரும், எது திரும்பும்போது இடது பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு ரேஷன் கார்டு நம்பர் போல மனப்பாடம். ஒரு விமானத்தை ஐம்பதடி பக்கத்தில் பார்த்தது மட்டும் கிடையாது. ஊர் அவளுக்கு 'ஏரோப்ளேன் டீச்சர்' என்று பேர் வைத்துச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துக்கொண்டாள்.

அவள் புருஷன் சாத்தையா ஆயில் எஞ்சின் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் இருமுகிற பம்புசெட்டெல்லாம் அவன் கைக்குத்தான் வரும். கல்யாணமான மூன்றாம் நாள், பெண்டாட்டி இவ்வளவு தடியான இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தானாகச் சிரிப்பதைப் பார்த்த அந்த நிமிஷத்தில் அவன் வாயில் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டது. "இந்தாங்க, சாப்புடலாமுங்களா?" "இந்தாங்க, கதவைச் சாத்திக்குங்க." இருபத்தாறு வருஷமாக அதே. முதலில் பூமயிலுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போகப் போக, பக்கத்து வீட்டுக்காரன் தன் பெண்டாட்டியை "அடியே, எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று கத்தும்போதெல்லாம் அவளுக்குக் கரண்டி பிடித்த கை ஒரு நொடி நிற்கும். பொறாமைதான், வேறென்ன. கேட்டு வாங்கக்கூடிய பொருளா அது?

மறுநாளும் நாலு மணிக்குச் சத்தம் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது, ஒரு வாரத்துக்குள் அதற்கு நாலுமணிக்காரர் என்று பேர் வைத்து, கடைசியில் ஒரு 'ர்' போட்டு மரியாதையும் கொடுத்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்து மணி பழுதாகிக் கிடந்ததால் நாலுமணிக்காரர் வந்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு விட்டார்கள். வேர்க்குரு வந்த கைக்குழந்தைகளைத் துண்டில் படுக்கவைத்து நிழல் வரும் வழியில் போட்டார்கள், நிழல் ஒரு தரம் ஏறி இறங்கினால் குரு அமுங்கியது. கோழிகள் முதல் மூன்று நாள் பருந்து என்று பயந்து ஓடின, நாலாம் நாளிலிருந்து நிழல் வந்தால் அதில் நின்று இளைப்பாறின. ராவுத்தர் ஒரு வடையை இரண்டு இறக்கையோடு தட்டிப் போட்டு, 'ஏரோப்ளேன் வடை' என்று சிலேட்டில் எழுதிவைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "உங்க ஊருல இது தினம் உண்டா?" என்று கேட்டார்கள், "ஞாயித்துக்கிழமையும் உண்டு," என்று பெண் வீட்டார் பெருமையாகச் சொன்னார்கள். நிழல் பட்ட வத்தல் கூடுதல் சிவப்பாகக் காய்கிறது என்று அரியநாச்சி எவனிடமோ அவிழ்த்துவிட, வியாபாரிகள் 'நிழல் வத்தல்' என்று தனியாகக் கேட்டு வாங்கினார்கள்.

"அவரு பேரு லைசாண்டர்," என்றாள் பூமயில், டீக்கடைப் பெஞ்சில் புத்தகத்தை விரித்துவைத்து. இறக்கை நடுவில் அகன்று இரண்டு முனையிலும் குறுகித் தட்டான் பூச்சி போல இருந்த படத்தையும், அன்றைக்கு மணலில் விழுந்த நிழலின் ஓரத்தையும் அவள் அளந்து ஒப்பிட்டிருந்தாள்.

"வேதக்காரரா? மாதா கோயில்ல வைக்கிற பேரா இருக்கே?" என்று ராவுத்தர் கேட்டார்.

"பட்டாளத்துக்காரரு. ஆனா ஓட்டுறவுக எல்லாரும் விமானத்தை 'அவள்'னுதான் எழுதுறாக."

"அப்ப நாலுமணிக்காரின்னு சொல்லு," என்றாள் அரியநாச்சி. பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்த மரியாதையைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்லாத ஊர்.

சாத்தையா ஒரு நாள் ஸ்பேனரும் கையுமாக வந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "இந்தாங்க, இதுல வால்வுச் சத்தமே இல்லையே?"

"வால்வே கிடையாது. சிலிண்டருக்குள்ள ஒரு சட்டை இருக்கும். அது மேலயும் கீழயுமா முறுக்கி முறுக்கிப் போயி ஓட்டையைத் திறந்து மூடும்."

வால்வு இல்லாமல் எஞ்சினா! சாத்தையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு நாள் பூமயிலோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்து, "எந்த வரிசையில வெடிக்கிதுங்க?" என்று கேட்டான். ஒன்பது சிலிண்டரும் பூப்போல வட்டமாக நிற்கிற எஞ்சினில் ஒன்று விட்டு ஒன்றுதான் வெடிக்கும் என்று பூமயில் சொல்லிக் காட்டினாள்: ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, ஒம்போது, ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அதை அப்படியே பாண்டி விளையாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தெருவெல்லாம் ஒன்பது கட்டம், தெருவெல்லாம் ஒற்றைக்கால், ஒண்ணு மூணு அஞ்சு ஏழு ஒம்போது, ரெண்டு நாலு ஆறு எட்டு. மாவு இடிக்கிறவர்களும் அந்தக் கணக்கில் இடித்தார்கள், தொட்டில் ஆட்டுகிறவர்களும் அந்தக் கணக்கில் ஆட்டினார்கள்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஏழாவது சிலிண்டர் அடங்கிப்போனது. பிள்ளைகள் ஏழாம் கட்டத்தைத் தாண்டிக் குதித்தார்கள். மூன்றாவது செவ்வாய் நாலு போனது, நாலாவது செவ்வாய் ஒன்பது போனது, அதற்கடுத்த செவ்வாய் இரண்டு, அதற்கடுத்து ஆறு. பாண்டியில் குதிக்கக் கட்டமே இல்லாமல் பிள்ளைகள் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். ஒண்ணு, மூணு, அஞ்சு, எட்டு. நொண்டி நொண்டி வருகிற அந்தச் சத்தத்தைப் பூமயில் விரல்விட்டு எண்ணினாள். மூன்றுக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது. அடுத்த செவ்வாய் மூன்றுதான் இருக்கும். அதற்கடுத்த செவ்வாய் நாலுமணிக்காரர் இருக்க மாட்டார்.

"எறங்க வேண்டியதுதானே? களம்தான் இருக்கே?" என்றான் சாத்தையா.

களம் இருந்தது. யுத்த காலத்தில் பட்டாளம் வந்து செவ்வூரணிக்குத் தெற்கே ஒரு மைல் நீளத்துக்கு ஓடுதளமும், அதன் பக்கவாட்டில் விமானம் நிறுத்த அகன்ற சதுரமும் போட்டுவிட்டு, யுத்தம் முடிந்ததும் அப்படியே போய்விட்டது. வந்து இறங்கியதை அந்தக் காலத்து ஆட்கள் ஆகாயக் கப்பல் என்று சொன்னதால் அதற்குக் கப்பல் களம் என்று பேர். அப்புறம் எண்பது வருஷமாக மாசி, பங்குனியில் ஊர் மிளகாய் முழுக்க அங்கேதான் காயும். இறங்க நினைத்தால் இறங்க இடம் இருக்கிறது, பிறகு ஏன் சுற்றிச் சுற்றி வருகிறார்?

வெள்ளிக்கிழமை காலையில் பூமயில் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். ஒரு கையேட்டின் கடைசியில், பூச்சி அரித்த பக்கத்தில், விமான நிலையத்துத் தரையில் போடும் அடையாளங்கள் வரைந்திருந்தன. முதல் அடையாளம் பெரிய சிவப்புச் சதுரம். அதற்கு எதிரே, 'இறங்காதே' என்று இருந்தது. பூமயில் தலையைத் தூக்கி நூலகத்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கப்பல் களம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் செக்கச்செவேல் என்று கிடந்தது.

அரியநாச்சி களத்து ஓரத்தில் கயிற்றுக் கட்டிலில் ஆட்டை விரட்டும் கம்போடு உட்கார்ந்திருந்தாள். களத்தில் பாதி அவளுடைய வத்தல். மீதிப் பாதிக்காரர்கள் அவள் சொன்னால் கேட்பார்கள், சொல்லாவிட்டால் அவள் வாய்க்குப் பயந்து கேட்பார்கள்.

"அத்தாச்சி, வத்தலை அள்ளணும்," என்றாள் பூமயில்.

"என்னாத்துக்கு?"

"நாலுமணிக்காரரு எறங்கணும்."

"ஆத்தாடி! ஏழு வெயிலு காஞ்சிருக்கு. இன்னும் மூணு வெயிலு காயணும். இப்ப அள்ளிக் குவிச்சா பூசணம் பூத்துப் போயி வெளிறிக் கெடக்கும். ஒரு வருசப் பாடு. உன் ஏரோப்ளேனு பொழைக்கிறதுக்கு என் வத்தலு சாகணுமா?"

அரியநாச்சி சொன்னது நியாயம். பூமயில் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் நாலு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. சாயங்கால நேரத்துக்கு நூலகத்தைத் திறக்கக்கூடப் போகவில்லை, அவள் வேலையில் சேர்ந்ததிலிருந்து அப்படி நடந்ததில்லை. நாலு மணிக்குச் சத்தம் வந்தது. ஒண்ணு, மூணு, அஞ்சு, எட்டு. நிழல் தள்ளாடிக்கொண்டு வத்தல் மேல் ஏறியது.

"அத்தாச்சி, ஒருத்தரு நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு," என்றாள் பூமயில், நிழலைப் பார்த்தபடியே. "உள்ள வரலாமான்னு கேக்குறாரு. நாம வாசலை அடைச்சு, வராதேன்னு எழுதிப் போட்டுட்டு, அவரு முகத்தையும் பாத்துக்கிட்டு வத்தலைப் புரட்டிக்கிட்டு இருக்கோம். ஆறு வாரமா."

அரியநாச்சியின் கம்பு கீழே விழுந்தது. "வராதேன்னா? யாரு எழுதிப் போட்டது?"

"நாமதான். வானத்துலருந்து பாத்தா செகப்புன்னா வராதேன்னு அர்த்தம்."

அரியநாச்சி களத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கட்டிலை விட்டு எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அடக் கூறுகெட்டவளே! என் வாசல்ல வந்த ஆளை நான் வராதேன்னு சொன்னேன்னு ஊரு பேசுறதா? இதை மாசி மாசமே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?" என்று அவள் போட்ட சத்தத்தில் கிழக்குத் தெருவும் மேலத் தெருவும் வெளியே வந்து நின்றன.

சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாளும் செவ்வூரணி மிளகாய் சுமந்தது. சாக்கில் சுமந்தது, பெட்டியில் சுமந்தது, முந்தானையில் சுமந்தது, தும்மிக்கொண்டே சுமந்தது; குவிக்காமல் வெயிலில் பரப்ப வேண்டும் என்பதால் மாடி இருந்த வீட்டு மாடியிலெல்லாம் பரப்பினார்கள், பள்ளிக்கூடத்து மாடியில் பரப்பினார்கள், நூலகத்து மாடியில் பரப்பினார்கள், கோயில் மண்டபத்துத் தளத்தில் பரப்பினார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் கப்பல் களம் எண்பது வருஷத்தில் முதல்முறையாகப் பங்குனி மாதத்தில் வெறுந்தரையாகக் கிடந்தது.

வெறுந்தரை மட்டும் போதாது. எந்த இடத்தில், எந்தத் திசையில் இறங்க வேண்டும் என்று காட்ட, இங்கிலீஷ் எழுத்து 'T' மாதிரி வெள்ளைத் துணியில் ஒரு அடையாளம் போட வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் கால் வைத்தபடி பூமயில் ஊருக்கு உத்தரவு போட்டாள். "நான் மேல ஏறிப் பச்சைச் சேலையைக் காட்டப்போறேன். நீங்க களத்துல வெள்ளையா, பெரிசா, ஒரு டீ போட்டுருங்க!"

"இதைச் சொல்லணுமா?" என்று ராவுத்தர் கல்யாண அண்டாவைத் தூக்க ஓடினார். "பாலைத் தூக்கலா விட்டு வெள்ளையாவே போட்டுருவோம்!"

பூமயில் பாதி ஏணியிலிருந்து கத்தினாள். "குடிக்கிற டீ இல்ல பாய், எழுத்து டீ! வேட்டியில!"

"எழுத்தா?" என்று தமிழய்யா வில்லாயுதம் முன்னால் வந்தார். இருபத்தாறு வருஷக் கோபத்தை அந்த ஒரு வார்த்தை கரைத்துவிட்டது. "எழுத்துன்னா அதை என்கிட்ட விடு. நீ ஏறு." பூமயில் நிம்மதியாக ஏறினாள்.

முப்பத்தேழு வருஷம் தமிழ் நடத்திய மனிதரிடம் டீ என்ற எழுத்தைப் போடச் சொன்னால் எந்த மொழியில் போடுவார்? ஊர் ஆண்கள் எல்லாரும் வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் துண்டோடு நின்றார்கள். ராவுத்தர் வகையறாவில் எல்லாரும் கலர்க் கைலி என்பதால் அவர்கள் கல் பொறுக்கி வேட்டிக்கு மேல் பாரம் வைத்தார்கள். ஓடுதளத்தில் நெடுக ஒரு கோடு இறங்கியது, அங்கே திரும்பி அகன்ற சதுரத்துக்குள் ஒரு கோடு போனது, அங்கிருந்து மேலே ஏறிக் கொக்கி போல வளைந்தது. வளைந்த இடத்தில் வேட்டி தீர்ந்துபோனது.

"இன்னும் ஒரு சுழி போடணும். டீ நெடிலு," என்றார் தமிழய்யா.

"நெடிலுக்கு வேட்டி பத்தலைங்கய்யா," என்றார்கள். எல்லாரும் தமிழய்யாவின் இடுப்பைப் பார்த்தார்கள். கோயிலில் பரிவட்டத்தோடு கிடைத்த சரிகை வேட்டி அது. தமிழய்யா தொண்டையைச் செருமினார். "குறிலே இருக்கட்டும். மேல இருக்கிறவருக்கு ஓசை முக்கியமில்லை."

"அதெப்படி?" என்று அரியநாச்சி குறுக்கே வந்தாள். அவளுக்கு நாலு எழுத்துத்தான் தெரியும், ஆனால் அதில் இது ஒன்று. "எட்டுத் திக்கும் மதிக்கிற மனுசனை, வந்து நிக்கிற விருந்தாளியை, டி போட்டா கூப்புடுறது?"

சாத்தையாதான், களத்து ஓரத்தில் டூல்ஸ் பெட்டியோடு காலையிலிருந்து நின்றவன், மெதுவாகச் சொன்னான்: "விமானத்தை ஓட்டுறவுக எல்லாம் 'அவள்'னுதான் சொல்லுவாகன்னு எங்க வீட்டுல சொன்னாங்க. டி போட்டாத் தப்பில்லை. பிரியமா இருக்கிறவுகளைத்தான் டி போடுவாக." சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று தானே நினைத்துப் பார்த்து, காதெல்லாம் சிவந்து, பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எண்ண ஆரம்பித்தான்.

தொட்டியின் உச்சியில் போய் மூச்சு வாங்க நின்ற பூமயில் கீழே பார்த்தாள். கப்பல் களத்தில் வெள்ளை வெளேர் என்று, கண்ணைப் பறிக்கிற மாதிரி, 'டி' என்று இருந்தது.

"ஐயோ, ஐயோ, தமிழய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இறங்கிப்போய் மாற்ற நேரமில்லை. மணி நாலு. கிழக்கே சத்தம் கேட்டுவிட்டது. ஒண்ணு. மூணு. அஞ்சு. அவ்வளவுதான். எட்டும் போய்விட்டது. பூமயில் கையில் கொண்டுபோன பச்சைச் சேலையை மடிப்பு உதறி இரண்டு கையாலும் வீசினாள். வா, வா, வந்துரு என்று அழுதுகொண்டே வீசினாள். நிழல் ஒரு சுற்றுச் சுற்றியது. எந்தக் கையேட்டிலும் இல்லாத அந்த எழுத்தின் மேல் தயங்கித் தயங்கி இரண்டாவது சுற்றுச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் மூன்று சிலிண்டரும் இருமின, பிறகு நிழல் கீழே பார்த்து வந்தது.

வர வர அதற்கு உடம்பு வந்தது. முதலில் சக்கரம் இரண்டும் தெரிந்தது, அப்புறம் கால்கள், அப்புறம் தட்டான் இறக்கை, அப்புறம் எண்ணெய் வழிந்த மூக்கு, அப்புறம் வால். கோட்டின் தலையில் தரை தொட்டது, நெடுக ஓடியது, கோடு திரும்பிய இடத்தில் தானும் திரும்பியது, சதுரத்துக்குள் போய், மேலே ஏறி, வளைகிற இடத்தில் வளைந்து, புதுசாக எழுத்துப் பழகுகிற பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைக்கிற மாதிரி டியை முழுசாக எழுதி முடித்து, கொக்கியின் நுனியில் வந்து நின்றது. ஒண்ணு என்று கடைசியாக ஒரு வெடிப்பு. எஞ்சின் அடங்கிவிட்டது. எழுத்தின் வழியே போயிராவிட்டால், நேரே ஓடியிருந்தால், கோடியில் இருக்கிற ஊருணிக்குள் இறங்கியிருக்கும் என்பதைத் தமிழய்யா அதற்குப் பிறகு சொல்லாத நாள் கிடையாது.

விமானத்திலிருந்து ஒரு இளவட்டம் இறங்கினான். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. இறங்கியதும் ஒன்பது தும்மல் தும்மினான். ராவுத்தர் அண்டாவிலிருந்து டீயை மொண்டு கையில் கொடுத்தார். குடிக்கிற டீயையும் அவர் போட்டுத்தான் வைத்திருந்தார். பூமயில் ஓடி வந்து மூச்சிரைக்க நின்றபோது அவன் இங்கிலீஷில், "எவ்வளவு நேரமாகச் சுற்றினேன்?" என்று கேட்டான்.

எண்பது வருஷம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "டீ ஆறுற நேரம்தான்," என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். புத்தகத்தில் படித்ததை வாயால் பேசியது அன்றைக்குத்தான் முதல்முறை.

சாத்தையா அதற்குள் எஞ்சினுக்குக் கீழே ஏணி போட்டிருந்தான். ஒன்பது சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் பதினெட்டு. ஒவ்வொன்றாகக் கழற்றினான். எல்லாம் கரிபிடித்துக் கிடந்தன. "இந்தாங்க, பிளக்கு இடைவெளி எம்புட்டுன்னு போட்டிருக்கு?" பூமயில் கையேட்டைப் பிரித்து நின்றாள். "பன்னெண்டு தவ். அங்குலத்தை ஆயிரமாக்கி அதுல பன்னெண்டு." "மூணு சேவிங் பிளேடு கனம்," என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டு, உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, பிளேடு வைத்துப் பார்த்து மாட்டினான். அவள் படித்தாள், அவன் செய்தான். "அடுத்த பக்கம்," என்றான். படித்தாள். "அடுத்தது." படித்தாள். இருபத்தாறு வருஷமாக அவன் தொட்டுக்கூடப் பார்க்காத புத்தகத்தை அன்றைக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டான். முகமெல்லாம் எண்ணெயோடு அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தபோது பூமயில் சந்தோஷத்தில் படித்த வரியையே மறுபடியும் படித்தாள்.

ஐந்து மணிக்கு விசிறி சுற்றியது. ஒண்ணு மூணு அஞ்சு ஏழு ஒம்போது, ரெண்டு நாலு ஆறு எட்டு. பிள்ளைகள் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டு களமெல்லாம் ஓடினார்கள்.

விமானி பைக்குள்ளிருந்து ஒரு மடித்த தாளை எடுத்துக் காட்டினான். ஒரு பயணியை ஏற்றிச் சுற்றிக் காட்டிவிட்டு வரும்படி உத்தரவு, பேர் எழுதும் இடம் மட்டும் காலி. பின்னால் ஒரு இருக்கையும் காலி. எல்லாரும் பூமயிலைப் பார்த்தார்கள். நாற்பத்தொரு புத்தகம் படித்த பூமயில் கையேட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்குங்க? வேற யாராச்சும் போகட்டும். நூலகம் திறக்கணும்," என்று இரண்டடி பின்னால் போனாள்.

சாத்தையா ஏணியிலிருந்து இறங்கினான். கையைக் காக்கி டவுசரில் துடைத்தான். தரையில் கிடந்த எழுத்தைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்பதை மறந்துபோனான்.

"ஏறுடி," என்றான்.

பூமயில் அவனையே பார்த்தாள். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கால் வைக்க வேண்டிய படி எது, கை பிடிக்க வேண்டிய கம்பி எது என்று யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

நாலுமணிக்காரர் அன்றைக்கு ஐந்தேகால் மணிக்குக் கிளம்பினார். மேலே போய், முதல் பயம் அடங்கி, பூமயில் கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தபோது ஊர் முழுக்க மாடி மாடியாகச் சிவப்பாகக் கிடந்தது. நடுவில் கப்பல் களத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு எழுத்து. அதன் பக்கத்தில், காக்கி டவுசரோடு, நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிற ஒரே ஒரு ஆள்.

விமானி முன்னாலிருந்து கத்தினான். "கீழே போட்டிருக்கிறீர்களே, அந்த அடையாளம் என்ன? எங்கள் கையேட்டில் அது இல்லையே!"

பூமயில் தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் தேடினாள். நாற்பத்தொரு புத்தகத்திலும் அதற்கு வார்த்தை இல்லை.

"அது என் பேரு," என்று திருப்பிக் கத்தினாள். "அது மேலயே எறக்கு."